கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் படிப்புக்கு நிதியுதவி: பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் 116 அரசு கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறக்கூடிய கல்லூரிகள், இருக்கின்றன. கூபர்டினோவில் டி ஆன்சா, ஃப்ரீமான்ட்டில் ஓலோனி, சான்ட்டா கிளாராவில் மிஷன், ப்ளெசன்ட் ஹில்லில் டயாப்லோ வேலி என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதிகளிலேயே பல உண்டு. இவற்றில் சேரும் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டிய பணம் கேட்பாரில்லாமல் போவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். மார்க் போதாமல் போவது கொஞ்சம்தான். தேதி தவறிப் போவதும், படிவம் பாதியில் நிற்பதும், "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது" என்று முயற்சியே செய்யாமல் விடுவதும்தான் அதிகம். படிவம் நிரப்ப உதவும்போது பெற்றோரும் மாணவரும் என்னிடம் கேட்பவற்றைத் தொகுத்து, பதிலோடு தந்திருக்கிறேன்.

கட்டணமே குறைவுதானே, பிறகு எதற்கு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

கட்டணம் குறைவு என்பது உண்மை. மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். யூனிட் என்பது ஒரு வகுப்பின் அளவைக் குறிக்கும் எண். செமஸ்டருக்கு 15 யூனிட் வீதம் ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் யூனிட்டுக்கு 31 டாலர்.

ஆனால் வாடகை, சாப்பாடு, பெட்ரோல், கார் இன்ஷூரன்ஸ், லேப்டாப், புத்தகம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இந்த 1,380 சிறு தொகை. நிதியுதவித் திட்டங்கள் இந்தச் செலவுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு மாணவரின் படிப்புச் செலவைக் கணக்கிடுகின்றன. குறைந்த வருமான மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் உதவியின் உச்சவரம்பு 2023–24 முதல் ஆண்டுக்கு 7,395 டாலர். பல்கலைக்கழகத்தில் இது கட்டணத்திலேயே கரைந்துவிடும். கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் போக மீதிப் பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் இருந்தால், வாரம் 30 மணி நேரம் கடையில் நிற்கும் பிள்ளை 15 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு மற்ற நேரத்தில் படிக்கலாம். கட்டணம் குறைந்த இடத்தில்தான் இந்த உதவி வாழ்க்கைச் செலவுக்கு இவ்வளவு தூரம் வருகிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஃபாஃப்சா என்றால் என்ன? யார் நிரப்ப வேண்டும்?

மத்திய அரசின் இலவச நிதியுதவி விண்ணப்பம் அது. பெல் கிராண்ட், மாநிலத்தின் கால் கிராண்ட், கல்லூரியின் சொந்த உதவிகள், அரசுக் கல்விக்கடன் எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல். ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் திறக்கும்.

ஊரில் ஸ்காலர்ஷிப் என்றால் வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போய்ப் பழகியவர்கள் நாம். இங்கே எந்தச் சான்றிதழும் தேவையில்லை. மாணவரும் பெற்றோரும் விண்ணப்ப இணையதளத்தில் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கி, வரித் துறையிலிருந்து வருமான விவரத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதம் தெரிவித்தால் போதும், விவரம் நேராக வந்துவிடும். அந்தச் சம்மதத்தை ஒருவர் தரத் தவறினாலும் மத்திய அரசு உதவி எதுவும் கிடைக்காது. "வருமானமே இல்லை, நான் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்" என்று கேட்கும் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். வருமானம் இல்லாவிட்டாலும் சம்மதம் வேண்டும்.

பெற்றோரின் கணக்கைப் பிள்ளையோ பிள்ளையின் கணக்கைப் பெற்றோரோ தொடங்கக் கூடாது. ஒரே மின்னஞ்சலை இருவருக்கும் போட்டுச் சிக்கிக்கொள்ளும் வீடுகள் நிறைய.

பையனுக்கு 19 வயது, தனியாகச் சம்பாதிக்கிறான். அவன் வருமானத்தை மட்டும் காட்டலாமா?

முடியாது. 24 வயதுக்குக் கீழ், திருமணம் ஆகாத, ராணுவத்தில் பணியாற்றாத, தன்னை நம்பிக் குழந்தை இல்லாத மாணவர் பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவராகவே கருதப்படுவார். தனி வீட்டில் இருப்பதோ, பெற்றோர் செலவுக்குப் பணம் தராததோ இதை மாற்றாது. வீட்டில் வன்முறை, பெற்றோரோடு தொடர்பே அற்றுப்போன நிலை போன்றவை இருந்தால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் சொல்லுங்கள். அதற்குத் தனி வழி இருக்கிறது. சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அவர்கள் இதைத் தினமும் கேட்பவர்கள்.

நாங்கள் இருவரும் ஐ.டி.யில் வேலை பார்க்கிறோம். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பெல் கிராண்ட் கிடைக்க வாய்ப்பு இல்லை. ஆனாலும் நிரப்புங்கள். காரணங்கள் இவை.

கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் என்ற திட்டத்தில், முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரமாக, அதாவது 12 யூனிட்டுக்குக் குறையாமல் படிப்பவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தைப் பல கல்லூரிகள் வருமானம் பார்க்காமலே விட்டுக்கொடுக்கின்றன. ஆனால் ஃபாஃப்சா நிரப்பியிருக்க வேண்டும். பிறகு பிள்ளை யூ.சி., கால் ஸ்டேட் என்ற மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாறும்போது மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் என்ற மாநில உதவி இருக்கிறது. ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டிய சில குடும்பங்களும் அதில் அடங்கும். கல்லூரி அறக்கட்டளைகள் தரும் உதவித்தொகைகள் சிலவற்றுக்கும் ஃபாஃப்சா நிரப்பிய பதிவு கேட்பார்கள்.

இப்போது வேலை போய்விட்டது. ஃபாஃப்சாவோ பழைய சம்பளத்தைக் காட்டுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, பதிலும் நல்ல பதில்தான். 2026–27 படிவம் 2024-ஆம் ஆண்டு வருமானத்தை எடுக்கும். 2024-இல் நல்ல சம்பளம், இப்போது லே-ஆஃப் என்றால் படிவம் உங்கள் இன்றைய நிலையைக் காட்டாது. படிவத்தில் நீங்களாக எண்ணை மாற்றக் கூடாது. முதலில் உள்ளபடியே அனுப்புங்கள். பிறகு கல்லூரி நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், வருமானம் குறைந்துவிட்டது, மறுபரிசீலனை வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் தனியாகப் பார்த்து எண்ணை மாற்றும் அதிகாரத்தைச் சட்டம் அந்த அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கிறது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: நிறுவனம் தந்த பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலை போகும்போது தரும் செவரன்ஸ் தொகை வந்திருந்தால் அதன் விவரம், மாநில வேலையின்மைப் படிக்கான கடிதம், வரும் ஆண்டில் எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கிறீர்கள் என்ற ஒரு பக்கக் கணக்கு. கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். எந்தத் தேதியில் வேலை போனது, அதற்கு முன் மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு. பெரிய மருத்துவச் செலவு, மணமுறிவு, குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்துபோவது ஆகியவற்றுக்கும் இதே வழிதான். ஊரில் இருக்கும் தாய் தந்தைக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைப் படிவம் கேட்காது. உங்களோடு ஒரே வீட்டில் வாழாதவரைக் குடும்ப எண்ணிக்கையிலும் சேர்க்க முடியாது. அந்தச் செலவு பெரிதாக இருந்தால் அதையும் ஆதாரத்தோடு இங்கேயே எடுத்துச் சொல்லலாம். முடிவு அந்த அலுவலரைப் பொறுத்தது.

வேலை போனதை வெளியில் சொல்லத் தயங்கி ஓராண்டு உதவியை இழந்த குடும்பங்களைத் தெரியும். அந்த அலுவலகத்தில் நீங்கள் சொல்வது அங்கேயே இருக்கும்.

ஊரில் இருக்கும் வீடு, நிலம், எஃப்.டி. எல்லாம் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீடும், 401கே போன்ற ஓய்வுக்காலக் கணக்குகளும் சேராது. மதுரையில் வாங்கிப் போட்ட பிளாட், சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், வங்கி எஃப்.டி. எல்லாம் சொத்துதான். இன்றைய மதிப்பிலிருந்து அதன் மேல் நிற்கும் கடனைக் கழித்து, டாலரில் எழுதுங்கள். கூட்டுச் சொத்தில் உங்கள் பங்கு மட்டும். தாத்தா உயிரோடு இருந்து, அவர் பெயரிலேயே இருக்கும் நிலம் உங்கள் சொத்து ஆகாது.

பயந்துபோய் மறைக்க வேண்டாம். பெற்றோர் சொத்தில் கணக்குக்கு வருவது அதிகபட்சம் சுமார் 5.64 சதவீதம்தான். மாணவர் பெயரில் இருக்கும் பணத்தில் 20 சதவீதம் கணக்குக்கு வரும். பிறந்தநாளுக்கு வந்த பணத்தையெல்லாம் பிள்ளை பெயரில் சேர்த்து வைக்கும் நம் வழக்கம் இந்த இடத்தில் கையைக் கடிக்கும். பெற்றோரின் வருமானம் 60,000 டாலருக்குக் கீழ் இருந்து, வரிப் படிவமும் எளிமையானதாக இருந்தால் சொத்துக் கேள்விகளே வராமல் போகலாம்.

அப்பா ஊரில் இருக்கிறார், அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். எண் இல்லாமலும் பெற்றோர் கணக்குத் தொடங்கலாம். தங்கள் அடையாளத்தை வேறு வழியில் உறுதிப்படுத்தும்படி கேட்பார்கள். அவருடைய இந்திய வருமானத்தைக் கையால் நிரப்ப வேண்டும். பெற்றோர் மணமுறிவு பெற்றவர்கள் என்றால், கடந்த 12 மாதங்களில் மாணவருக்கு அதிகப் பணம் செலவழித்தவரின் விவரம் மட்டும் போதும். மணவாழ்க்கை தொடர்ந்து, வேறு வேறு நாட்டில் மட்டும் வாழ்பவர்கள் இருவர் விவரமும் தர வேண்டும்.

எங்கள் விசா நிலைக்கு என்ன கிடைக்கும்?

குடியுரிமை உள்ளவர்களும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும், அகதி நிலை, தஞ்சம் பெற்றவர்களும் மத்திய அரசு உதவிக்குத் தகுதியானவர்கள். பார்ப்பது மாணவரின் நிலையை. பெற்றோர் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்து, பிள்ளை இங்கே பிறந்த குடிமகளாக இருந்தால் அவளுக்குத் தடை எதுவும் இல்லை. இது தெரியாமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

ஹெச்-1பி பெற்றோரைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவி கிடையாது. ஆனால் குடும்பம் ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் நிலையாக வாழ்ந்ததை நிரூபித்தால், கட்டணத்தைப் பொறுத்தவரை மாநிலவாசியாக 46 டாலர் விகிதத்திலேயே படிக்கலாம். கவனிக்க வேண்டியது 21-ஆவது பிறந்தநாள். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் ஹெச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் மாநிலவாசி ஆக முடியாது, கட்டணம் பல மடங்கு ஏறும். அதனால் 18 வயதில் சேரும் ஹெச்-4 பிள்ளை, எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் என்பதை முதல் நாளே ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு செமஸ்டரைக்கூட வீணாக்க முடியாத நிலை இது. கிரீன் கார்டு வரிசையின் நீளத்துக்கு இந்தப் பிள்ளைகள் கொடுக்கும் விலை எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

எஃப்-1 மாணவர்களுக்கு அரசு உதவி இல்லை. வளாகத்துக்குள் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். கல்லூரி அறக்கட்டளையின் உதவித்தொகைகளில் சில எல்லா மாணவர்களுக்கும் திறந்திருக்கும்.

ஆவணம் இல்லாத மாணவர்கள் ஃபாஃப்சா நிரப்பக் கூடாது. அவர்களுக்கென்று கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் இருக்கிறது. மாநிலப் பள்ளிகளில் மூன்று ஆண்டு படித்தது போன்ற நிபந்தனைகளோடு ஏ.பி. 540 சட்டத்தில் அடங்கினால் மாநிலவாசிக் கட்டணமும், மாநில உதவியும் உண்டு.

கட்டண விலக்கு கிடைத்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய வேண்டாம்தானே?

பலர் நிறுத்திவிடும் இடம் இதுதான். கட்டண விலக்கின் பெயர் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட், மேலே சொன்ன பிராமிஸ் திட்டத்திலிருந்து வேறு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது, பகுதிநேர மாணவருக்கும் கிடைக்கும், சின்ன விண்ணப்பத்திலேயே வந்துவிடும். அது யூனிட் கட்டணத்தை மட்டும்தான் நீக்கும். கையில் ஒரு டாலரும் தராது. பணம் தருபவை ஃபாஃப்சாவுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். முழு பெல் கிராண்டுக்குத் தகுதி, கால் கிராண்ட் பி-யும் கிடைத்திருக்கிறது. அவள் செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தால் முழுநேரம். பெல் 7,395. கால் கிராண்ட் பி வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 1,648. இவற்றோடு ஸ்டூடன்ட் சக்சஸ் கம்ப்ளீஷன் கிராண்ட் என்ற மாநில உதவி செமஸ்டருக்கு 1,298, ஆண்டுக்கு 2,596. மொத்தம் 11,639 டாலர்.

அதே மாணவி 15 யூனிட் எடுத்தால் அந்த மூன்றாவது உதவி மட்டும் செமஸ்டருக்கு 4,000 ஆகும். ஆண்டுக்கு 8,000. மொத்தம் 17,043 டாலர். கூடுதலாக ஒரே ஒரு 3 யூனிட் வகுப்பு, செமஸ்டருக்கு 2,702 டாலர் வித்தியாசம். இதைத் தெரிந்துகொள்ளாமல், "12 போதும், அதுவே முழுநேரம்தான்" என்று நிறுத்திய மாணவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 15 யூனிட் தாங்காது என்பவர் வலிந்து எடுக்க வேண்டாம். தோற்றுப்போனால் கீழே சொல்லும் சிக்கல் வரும். தாங்கும் என்பவர் தெரியாமல் விடக் கூடாது. ஒருவரின் மொத்த உதவி அவருக்குக் கணக்கிட்ட செலவைத் தாண்ட முடியாது என்பதால் ஒவ்வொருவருக்கும் தொகை கொஞ்சம் மாறலாம்.

பெல் கிராண்ட் யூனிட் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறையும். 9 யூனிட்டுக்கு 75 சதவீதம், 6 யூனிட்டுக்குப் பாதி. குழந்தை இருக்கும் மாணவர்களுக்குக் கால் கிராண்ட் பி-யில் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை உண்டு. தொழிற்பயிற்சிப் படிப்புகளுக்குக் கால் கிராண்ட் சி. பல்கலைக்கழகக் கட்டணத்துக்கான கால் கிராண்ட் ஏ கிடைத்தவர் கம்யூனிட்டி காலேஜுக்கு வந்தால் அந்த உதவியை இங்கே பயன்படுத்த முடியாது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் சில ஆண்டு வரை பத்திரமாக நிறுத்தி வைப்பார்கள்.

ஈ.ஓ.பி.எஸ். என்ற திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். 1969-இல் தொடங்கியது. குறைந்த வருமான மாணவருக்குத் தனி ஆலோசகர், புத்தகச் செலவுக்கு உதவி, மற்றவர்களுக்கு முன்பே வகுப்புப் பதிவு செய்யும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பணத்தைவிட அந்த முன்பதிவு உரிமை பெரிது. இடம் நிரம்பிவிடும் வேதியியல் லேப் வகுப்பு கிடைக்காமல் ஓராண்டு தள்ளிப்போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். புத்தகச் செலவைக் குறைக்க இன்னொரு வழி: வகுப்பு அட்டவணையில், இலவசப் பாடநூல் பயன்படுத்தும் வகுப்புகளுக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள். பதிவு செய்யும்போதே அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எந்தத் தேதிகளைத் தவறவிடக் கூடாது?

மார்ச் 2. கால் கிராண்டுக்கு வழக்கமான கடைசி நாள் அதுதான், ஃபாஃப்சாவோடு ஜி.பி.ஏ. என்ற மதிப்பெண் சராசரி விவரமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்குச் செப்டம்பர் 2 என்று இரண்டாவது வாய்ப்பு உண்டு. முதலாவதைத் தவறவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். பெல் கிராண்டுக்கு மத்திய அரசின் காலக்கெடு கல்வியாண்டு முடியும் ஜூன் 30 வரை நீளும். ஆனால் தாமதமாகும் அளவுக்குக் கல்லூரியின் சொந்த நிதி தீர்ந்துபோகும்.

அனுப்பிய பிறகு கல்லூரி மின்னஞ்சலைப் பாருங்கள். சரிபார்ப்புக்குத் தேர்வானால் ஆவணம் கேட்டு அங்கேதான் எழுதுவார்கள். அதற்குப் பதில் போகும்வரை ஒரு டாலரும் வராது. வங்கிக் கணக்கைப் பதிவதற்கான கடிதமும் அங்கேதான் வரும்.

நடுவில் வகுப்பை விட்டால், தோற்றால் என்ன ஆகும்?

இரண்டு விதிகள். முதலாவது, செமஸ்டரின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லா வகுப்புகளையும் விட்டால், வாங்கிய மத்திய அரசு உதவியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். 16 வார செமஸ்டரில் அது ஏறக்குறைய பத்தாவது வாரம். கட்டாத பாக்கி இருந்தால் அடுத்து உதவி கிடைப்பதே தடைபடும். விட நினைக்கும் பிள்ளை, விடும் முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, படிப்பில் முன்னேற்றம். பொதுவாக ஜி.பி.ஏ. 2.0-க்குக் குறையக் கூடாது, எடுத்த யூனிட்களில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும், 60 யூனிட் படிப்புக்கு 90 யூனிட்டுக்கு மேல் எடுத்திருக்கக் கூடாது. W என்று விலகிய வகுப்பும் எடுத்ததாகவே கணக்கு. இதில் தவறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு நிறுத்தம். உடல்நலம், குடும்பத்தில் இழப்பு போன்ற காரணம் இருந்தால் முறையீடு செய்யலாம். அந்தக் கடிதத்தில் என்ன நடந்தது என்பதோடு இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது பாதி இல்லாத கடிதங்கள்தான் பெரும்பாலும் திரும்பி வருகின்றன.

ஹைஸ்கூலில் இருக்கும்போதே காலேஜ் வகுப்பு எடுக்கிறாள். அதற்கு உதவி உண்டா?

பெல் கிராண்ட் கிடையாது. ஆனால் ஹைஸ்கூல் மாணவருக்கு யூனிட் கட்டணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் விட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: அந்த மதிப்பெண்கள் நிரந்தரமானவை. பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்து விட்ட வகுப்பின் W, மேலே சொன்ன 67 சதவீதக் கணக்கில் வந்து நிற்கும்.

நான் ஊரில் பி.எஸ்சி. முடித்தவள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது படிக்க ஆசை. எனக்கு உதவி உண்டா?

ஊரில் வாங்கியதாக இருந்தாலும் இளநிலைப் பட்டம் இருந்தால் பொதுவாகப் பெல் கிராண்டும் கால் கிராண்டும் கிடையாது. படிவத்தில் பட்டத்தை மறைக்காதீர்கள், பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஆனால் வருமானத் தகுதி இருந்தால் கட்டண விலக்கு உங்களுக்கும் உண்டு. ஆங்கிலம் கற்பிக்கும் கிரெடிட் இல்லாத வகுப்புகளுக்குக் கட்டணமே கிடையாது. பாலர் கல்வி, அக்கவுண்டிங், மெடிக்கல் அசிஸ்டென்ட் என்று குறுகிய சான்றிதழ் படிப்புகள் பல இருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்கள் இவற்றில் சேர்ந்து வேலைக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

கல்விக்கடன் வாங்கலாமா?

கடைசியாக. முதலாண்டு மாணவர், பெற்றோரைச் சார்ந்தவர் என்றால் மத்திய அரசுக் கடன் 5,500 டாலர் வரை, அதில் படிக்கும் காலத்தில் வட்டி ஏறாத வகை 3,500 வரை. இரண்டாம் ஆண்டில் 6,500-ம் 4,500-ம். சில கம்யூனிட்டி காலேஜ்கள் இந்தக் கடன் திட்டத்தில் சேர்வதே இல்லை. வாங்க வேண்டி வந்தால் வட்டி ஏறாத வகையை முதலில் எடுங்கள். தனியார் வங்கிக் கடனைத் தொடாதீர்கள். எந்தக் கடனுக்கும் முன் வொர்க் ஸ்டடி கேட்டுப் பாருங்கள். நூலகத்திலோ அலுவலகத்திலோ வேலை, வகுப்பு நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல்.

தனியார் உதவித்தொகைகளை எங்கே தேடுவது? கட்டுரையை எப்படி எழுதுவது?

முதலில் உங்கள் கல்லூரியின் அறக்கட்டளை. ஒரே விண்ணப்பத்தில் பல உதவித்தொகைகளுக்குப் பரிசீலிப்பார்கள், போட்டியும் அந்தக் கல்லூரி மாணவர்களுக்குள் மட்டும். நாடு முழுவதும் போட்டியிடும் பெரிய பெயர்களின் பின்னால் ஓடிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் இதை மறப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்தது 1918-இல் தொடங்கிய ஃபை தீட்டா காப்பா என்ற கம்யூனிட்டி காலேஜ் மாணவர் சங்கம். அதன் உறுப்பினர்களுக்கென்றே பல பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை வைத்திருக்கின்றன. நன்றாகப் படிப்பவர்கள் ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் டிரான்ஸ்ஃபர் உதவித்தொகைக்கும் முயலலாம். ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருவது, போட்டி கடுமை.

கட்டுரையில் நம் பிள்ளைகள் செய்வது, பேச்சுப் போட்டிக்கு எழுதுவதுபோல எழுதிவிடுவது. "சிறு வயது முதலே கல்வியின் மீது எனக்கு ஆர்வம் உண்டு" என்ற வரியிலிருந்து தேர்வுக் குழுவுக்கு எதுவும் தெரியாது. அதே பிள்ளையிடம் உட்கார்ந்து பேசினால் வேறு வரும்: சனி, ஞாயிறு மளிகைக் கடையில் பில் போடுகிறான், கூட்டம் இல்லாத மதியத்தில் கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கால்குலஸ் நோட்டை விரித்து வைக்கிறான், கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் இன்டெகிரேஷன் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இதை எழுதச் சொன்னால், "இதெல்லாம் எழுதுவாங்களா?" என்பான். இதைத்தான் எழுத வேண்டும். இந்தப் பணம் கிடைத்தால் எந்த வேலை நேரத்தைக் குறைப்பேன், அந்த நேரத்தில் எந்த வகுப்பை எடுப்பேன் என்பதையும் ஒரு பத்தியில் சொல்ல வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் மூன்று வாரம் முன்னதாகக் கேளுங்கள்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு பல்கலைக்கழகம் போகும்போது உதவி தொடருமா?

தொடரும், கணக்கோடு. பெல் கிராண்ட் வாழ்நாளில் 12 முழுநேர செமஸ்டர்களுக்குத்தான். கம்யூனிட்டி காலேஜிலேயே நான்கைந்து ஆண்டு இழுத்தால், கட்டணம் அதிகமான இடத்தில் அது தீர்ந்துபோயிருக்கும். டிரான்ஸ்ஃபர் மாணவருக்கென்று கால் கிராண்டில் தனி ஒதுக்கீடு உண்டு, 28 வயதுக்குள் மாற வேண்டும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்ட்டா பார்பரா, சான்ட்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவு செய்யும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இட உத்தரவாதம் தருகின்றன. "ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்று கவலைப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்கிறேன். பட்டத்தில் இருக்கப்போவது பல்கலைக்கழகத்தின் பெயர்.

வந்த உதவித்தொகைக்கு வரி உண்டா?

கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்குப் போன பகுதிக்கு வரி இல்லை. வாடகை, சாப்பாட்டுக்குப் போன பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும். பெல் கிராண்டுக்கும் இதே விதிதான். பெற்றோர் கையிலிருந்து கட்டணமோ புத்தகச் செலவோ போயிருந்தால் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற வரிச் சலுகை ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கிடைக்கலாம். கல்லூரி தரும் 1098-டி படிவத்தை வரிக் கணக்கரிடம் காட்டுங்கள்.

ஒருவர் 400 டாலர் கொடுத்தால் ஃபாஃப்சா நிரப்பி உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

கொடுக்காதீர்கள். படிவம் இலவசம். உதவித்தொகைக்கு முன்பணமோ "பிராசஸிங்" கட்டணமோ கேட்பவர், கிடைப்பது உறுதி என்று சொல்பவர், உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்பவர் எவரையும் நம்ப வேண்டாம். அந்தக் கணக்கில் போடும் கையெழுத்து சட்டப்படி உங்கள் கையெழுத்து. அவர் அதில் பொய்யான வருமானம் எழுதினாலும் பொறுப்பு உங்களுடையது. கல்லூரி நிதியுதவி அலுவலகங்களே பணம் வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப உதவும். அக்டோபரிலிருந்து மார்ச் 2 வரை, கேஷ் ஃபார் காலேஜ் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் இலவசப் பட்டறைகள் நடக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண், கணக்கின் பாஸ்வேர்ட், வரிப் படிவத்தின் நகல், வங்கி இருப்பு விவரம் இவற்றோடு பெற்றோரில் ஒருவராவது பிள்ளையோடு கூடப் போங்கள். சம்மதம் தர வேண்டிய பெற்றோர் வீட்டிலேயே இருந்துவிட்டால் படிவம் பாதியில் நின்றுவிடும்.